ஆட்டம் முடிந்து வீடு திரும்ப: புதுச்சேரியில் இருக்கிற வழிகளும் என் தேர்வும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து புதுச்சேரி காந்தி சிலைக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு அது ஒரு தூரமாகவே தெரியாது. போய் நின்றால் பேருந்து வரும், ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அதே சாலையில் இரவு பன்னிரண்டு மணிக்குத் திரும்புவதுதான் பாடு. நானும் என் சித்தி மகளும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது புதுச்சேரி கிளப்புகளில் நடனம் ஆடப் போகிறவர்கள். ஆறு வருடமாகப் போகிறோம். திரும்பி வருவதற்கு இருக்கிற எல்லா வழிகளிலும் வந்து பார்த்தாயிற்று. சிலவற்றை ஒரே ஒரு முறை.

“எது பாதுகாப்பு?” என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேட்கிறார்கள். எந்த ஏரியாவுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், அதில் யார் குடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் எந்த வழியையும் எடைபோட ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அந்த வழியில் வந்தால் எவ்வளவு நேரம் தெருவில் நிற்க வேண்டியிருக்கும்? எங்களுக்கு வந்த வம்பு பெரும்பாலும் வண்டிக்குக் காத்து நின்ற இடத்தில் வந்ததுதான். ஆடிவிட்டு வெளியே வருகிறோம், பின்னாலேயே விளக்கை அணைத்து ஷட்டரை இறக்குகிறார்கள், வாசலில் நின்ற பவுன்சரும் கிளம்பிவிடுகிறார். ஐந்து நிமிடம் முன்பு நூறு பேர் இருந்த தெருவில் இப்போது நாம் இரண்டு பேர், கையில் வெளிச்சம் அடிக்கிற போன். அப்படி ஒரு ராத்திரி ஒரே பைக் எங்களை மூன்று தடவை சுற்றி வந்தது. மூன்றாவது தடவை நின்று, “டிராப் பண்ணட்டுமா?” என்றார்கள். பக்கத்து ஹோட்டல் வரவேற்பறைக்குள் நேராக நடந்துவிட்டோம். இரவு வாட்ச்மேன் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா, வண்டி வந்ததும் போவலாம்” என்றார். அன்றிலிருந்து எங்கே ஆடப் போனாலும், பக்கத்தில் இரவெல்லாம் திறந்திருக்கிற ஹோட்டலோ மருந்துக் கடையோ எது என்று முதலிலேயே பார்த்து வைத்துவிடுவேன்.

கடற்கரையை ஒட்டிய ஒயிட் டவுனுக்குள்ளேயே தங்கியிருப்பவர்களுக்கு இதில் பெரிய யோசனை தேவையில்லை. நடந்தே போகலாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. விளக்கு இருக்கும், ரோந்துப் போலீஸ் இருக்கும், நள்ளிரவிலும் காற்று வாங்க யாராவது உட்கார்ந்திருப்பார்கள். துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதி மாதிரி உள்வீதிகள் பகலில் படம் எடுக்க அழகு, ஆனால் இரவில் ஆள் நடமாட்டமே இருக்காது. சுற்று வழியானாலும் கடற்கரையோரமாகவே வந்து, உங்கள் தெரு வரும்போது திரும்புங்கள். ஹீல்ஸ் போட்டு ஆடுகிறவர்கள் பையில் ஒரு ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் களைத்த காலோடு ஹீல்ஸில் வேகமாக நடக்க முடியாது, ஓடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

புதுச்சேரியிலேயே சற்றுத் தள்ளி லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தெரிந்த ஆட்டோ. தெரிந்த ஆட்டோ என்றால் ஸ்டாண்டில் நிற்கிற ஏதோ ஒன்று இல்லை. பகலில் நாலைந்து முறை வந்து, நம்பர் கொடுத்து, “எத்தினி மணியானாலும் போன் பண்ணும்மா” என்று சொன்ன அண்ணன். இந்த ஊரில் மீட்டர் போட்டு ஓட்டுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நள்ளிரவில் வாசலில் நின்று பேரம் பேசினால் கேட்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். போகும்போதே அதே அண்ணனிடம் திரும்புகிற நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்டால் காசும் குறையும், வாசலில் நிற்கிற நேரமும் குறையும். அவர் வந்து ஹார்ன் அடித்த பிறகு வெளியே வந்தால் போதும்.

ஆப்பில் பிடிக்கிற வண்டியை இரண்டாவதாகத்தான் வைப்பேன். இளைய பிள்ளைகள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: வண்டி எண், ஓட்டுநர் பெயர், போகிற பாதை எல்லாம் பதிவாகிறது, பயணத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம். முன்பின் தெரியாத ஆட்டோவா ஆப் வண்டியா என்றால் நானும் ஆப் வண்டியில்தான் ஏறுவேன். ஆனால் சனிக்கிழமை நள்ளிரவில் ஒருவர் ஏற்றுக்கொள்வார், போன் செய்து “எங்க போவணும்?” என்பார், சொன்னதும் ரத்து செய்துவிடுவார். இப்படி மூன்று பேர் ரத்து செய்வதற்குள் இருபது நிமிடம் தெருவில் கழிந்துவிடும். என் கணக்கில் ஆப் வண்டி மதிப்பெண் இழப்பது அங்கேதான். ஆகவே, வண்டி வந்துவிட்டது என்று திரை காட்டும் வரை கட்டடத்துக்கு உள்ளேயே இருங்கள். ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். “யார் பேர்ல புக்கிங்ணா?” என்று அவரைக் கேளுங்கள், உங்கள் பெயரை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். பைக் டாக்ஸி என்றால் ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தலைமுடி கலையும்தான், கலையட்டும், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே.

சரி, கடலூருக்கு வருவோம். இங்கேதான் உண்மையான குழப்பம்.

சொந்த ஸ்கூட்டர் என்றால் தெருவில் நிற்கிற நேரம் பூஜ்யம், அதுதான் அதன் பெரிய கவர்ச்சி. சாவியைத் திருகினால் கிளம்பிவிடலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட், முதலியார்பேட்டை, மரப்பாலம், முருங்கப்பாக்கம் வரை பயமே இருக்காது, வீடும் கடையும் விளக்குமாக வரும். அரியாங்குப்பம் தாண்டி, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலமும் கடந்துவிட்டால் சாலையின் குணம் மாறிவிடும். அங்கங்கே இருட்டு. நடுச்சாலையில் மாடு படுத்திருக்கும். நாய்கள் கும்பலாகத் துரத்தும்போது பயந்து ஆக்ஸிலேட்டரைத் திருகினால் நாயைவிடப் பெரிய ஆபத்து நாமே உண்டாக்கிக்கொள்வதுதான். பின்னாலிருந்து வருகிற தொலைதூரப் பேருந்துக்கு நம் ஸ்கூட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு ஒரு பொருட்டா? புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற முள்ளோடை எல்லையில் மதுக்கடைகளிலிருந்து கிளம்பும் பைக்குகள் எந்தப் பக்கம் வளையும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

ஒருமுறை கன்னியக்கோவில் பக்கம் பின்சக்கரம் பஞ்சர். மணி பன்னிரண்டரை. அந்த வட்டாரத்தில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் ஊருக்கொன்றாக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாலையில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த இரண்டு மருத்துவமனைகளையும், முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று வழியில் இருக்கிற காவல் நிலையங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விளக்கு எரிகிற இடங்கள் அவை.

இதெல்லாம் ஒரு சொட்டும் குடிக்காதவருக்குச் சொன்னது. “ஒரே ஒரு பியர்தானே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதற்கு மேல் இருந்தால் சட்டப்படி குற்றம். 8 சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அந்த ஒரு பாட்டிலே வரம்பைப் போல நான்கைந்து மடங்குக்குக் கொண்டுபோய்விடும். 100 மில்லி ரத்தத்தில் அந்த அளவு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம்தான் இறங்கும். எலுமிச்சைச் சாறு, மோர், காபி, தலையில் தண்ணீர், எதுவும் இந்தக் கணக்கை வேகப்படுத்தாது. பத்து மணிக்குக் குடித்ததற்கு விடியற்காலை நான்கு மணிக்குக்கூட நீங்கள் ஓட்டத் தகுதியில்லாதவராக இருக்கலாம். பிடிபட்டால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000, இரண்டு ஆண்டு வரை. அபராதத்தைக் கட்டிவிடலாம். லாரி அப்படி இல்லை.

குடித்திருக்கிற நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவதைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை. வேண்டாம். அவர் கோபித்துக்கொண்டால் மறுநாள் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும்.

பேருந்தைப் பலர் மறந்தே போகிறார்கள். உள்ளூர் தனியார் பேருந்துகள் இரவு பத்து மணிக்கு மேல் குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் போகிற பேருந்துகள் இரவெல்லாம் புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர் வழியாகத்தான் போகின்றன. உள்ளே ஏறிவிட்டால் அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்தச் சாலையில் கிடையாது: விளக்கு, நடத்துநர், தூங்கி வழிகிற முப்பது குடும்பத்தார். நடத்துநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்ளலாம், செலவும் சில பத்து ரூபாய்தான். இடைஞ்சல் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும்தான். முதலில் மறைமலை அடிகள் சாலையில் இருக்கும் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எப்போது வரும் என்று தெரியாமல் நிற்க வேண்டும். சில பேருந்துகளில் “கடலூர்லாம் ஏறாதீங்க” என்று விரட்டுவார்கள். அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு மணிக்கு இறங்கி அங்கிருந்து இன்னொரு ஆட்டோ. ஆக நிற்பது இரண்டு தடவை. தனியாக வருகிற பெண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு பேராக வந்தால் தாராளமாக. தனியாக வருகிற ஆண்களுக்கு இதுதான் முதல் தேர்வு, ஆனால் நிலையத்து பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடாதீர்கள். போதையில் தூங்குகிறவரின் சட்டைப் பையில் போன் விடியும் வரை தங்காது. ஆண்களுக்கு என்ன ஆகப்போகிறது என்கிற தைரியத்தில் பர்ஸையும் போனையும் தொலைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

ரயிலைக் கேட்காதீர்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நேராகத் தண்டவாளமே இல்லை, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும்.

கடலூர் வரை ஆட்டோ வைத்துக்கொள்ளலாமே என்றால், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி.ஒய். 01 என்று பதிவெண் போட்ட புதுச்சேரி ஆட்டோ மாநில எல்லையைத் தாண்டினால் பர்மிட் பிரச்சினை. எங்களை ஏற்றிய ஒருவர் 800 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, முள்ளோடை வந்ததும் ஓரமாக நிறுத்தினார். “இதுக்கு மேல பர்மிட் இல்லம்மா, எறங்கிக்கோங்க.” சித்தி மகள் சண்டை போட்டாள். நான் சண்டைக்கே போகவில்லை, எல்லையில் அந்த நேரத்தில் இறங்கி நிற்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இன்னொரு 300 வாங்கிக்கொண்டு ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு முன்னால், பெண்ணையாற்றுப் பாலம் வரைதான் வந்தார். ஆகவே ஏறும் முன்பே கேளுங்கள்: “வீட்டு வாசல் வரைக்கும் வருவீங்களாண்ணா, முள்ளோடையோட நிறுத்திடுவீங்களா?” இல்லையென்றால் கடலூரிலிருந்தே டி.என். 31 பதிவெண் உள்ள காரை, போக வர இரண்டுக்கும், சாயங்காலமே பேசிவிடுங்கள். நான்கு பேர் என்றால் அது கட்டுப்படியாகும். எங்கள் தெரு முனையில் இருக்கிறவர் ஓட்டும் காரில் மூன்று முறை அப்படிப் போயிருக்கிறோம், குறை ஒன்றுமில்லை. எங்களுக்காக ராத்திரி முழுக்க வண்டியிலேயே படுத்துக்கிடந்தாரே என்பதுதான் மனதை உறுத்தியது.

செக்போஸ்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். புதுச்சேரியில் 18 வயதில் குடிக்கலாம், தமிழ்நாட்டில் 21. அங்கே சட்டப்படி வாங்கிய பாட்டில் இங்கே கடத்தல் ஆகிவிடும். நண்பர் “இத வச்சிக்கோ” என்று கொடுத்ததாகவே இருந்தாலும் இரவு ஒரு மணிக்குப் பையைத் திறந்து காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். பாதுகாப்பாக வந்து சேர்ந்த பயணம் கடைசி மூன்று கிலோமீட்டரில் கெட்டுப்போகும்.

அண்ணனை வரச் சொல்லலாம். வருவார். வழி நெடுக ஒரு வார்த்தை பேச மாட்டார், மறுநாள் அம்மாவிடம் பேசுவார். எங்கள் வீட்டில் இந்த வழியை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். மாதாமாதம் பயன்படுத்தினால் நிஜமாகவே தேவைப்படுகிற ராத்திரியில் கூப்பிடத் தயக்கம் வந்துவிடும், அந்தத் தயக்கம்தான் கெடுதல். வீட்டில் சொல்லாமல் போகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்: எங்கே போகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லி வைக்க ஒரே ஒரு அக்காவோ அத்தையோ இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் நகர்கிற இருப்பிடத்தை எட்டு மணி நேரத்துக்குப் பகிரலாம். கிளம்பும்போதே போட்டுவிட்டால் நடு ராத்திரியில் தேட வேண்டாம்.

நான்கு வருடமாக நாங்கள் செய்வது புதுச்சேரியிலேயே தங்கிவிடுவது. முதலில் இது பணக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். கடைசியாகப் போனபோது நான்கு பேருக்கு ஒரு அறை 2,000 ரூபாய், ஆளுக்கு 500. ஆட்டோக்காரரிடம் அழுததைவிடக் குறைவு. ஆடுகிற இடத்திலிருந்து ஐந்து நிமிடம் நடக்கிற தூரத்தில், பெரிய தெருவைப் பார்த்த அறையாக எடுக்கிறோம். சாயங்காலமே போய்ப் பையை வைத்துவிட்டுத்தான் ஆடக் கிளம்புவோம். போன் செய்து முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் கேட்பேன். நள்ளிரவு தாண்டி வந்தால் கேட் திறப்பார்களா? பெண்கள் மட்டும் வந்தால் ஏதாவது ஆட்சேபம் உண்டா? இரண்டாவதற்கு இழுத்து இழுத்துப் பதில் சொல்கிற இடத்தை விட்டுவிடுவேன். அரவிந்தர் ஆசிரமத்து விருந்தினர் இல்லங்கள் சுத்தமாகவும் மலிவாகவும் இருக்கும், ஆனால் இரவில் சீக்கிரமே வாசலைப் பூட்டிவிடுவார்கள், குடித்துவிட்டு வரவும் கூடாது. ஆடப் போகிற ராத்திரிக்கு அவை பொருந்தாது. எல்லாருடைய ஆதார் அட்டையும் வேண்டும், ஒருத்தி மறந்து வந்து ஒருமுறை அரை மணி நேரம் மன்றாடினோம்.

அறை எடுத்தாலும் சில பழக்கங்களை விடவில்லை. குடிக்கிற கிளாஸை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போக மாட்டோம். விட்டால் அதைத் தொடாமல் வேறு வாங்குவோம், அது வெறும் ஜூஸாக இருந்தாலும். வந்த நான்கு பேரும் சேர்ந்தே வெளியேறுவோம். போனில் பவர் பொத்தானைத் தொடர்ந்து வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகிற வசதி இருக்கிறது. எத்தனை தடவை என்பது போனுக்குப் போன் மாறும், வீட்டில் உட்கார்ந்து அமைப்புகளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 112, பெண்களுக்கான 181 இரண்டும் இரண்டு பக்கமும் வேலை செய்யும். எல்லைப் பகுதியிலிருந்து கூப்பிட்டால் “முள்ளோடை, புதுச்சேரிப் பக்கம்” அல்லது “ஆல்பேட்டை, கடலூர்ப் பக்கம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். புகார் கொடுக்கப் போனால் “அது எங்க லிமிட் இல்ல” என்று அனுப்பக்கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாநிலத்துக்கு நடுவே போய்வருகிற நமக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

போன மாதம் சித்தி மகள் மட்டும் அன்றைக்கே திரும்ப வேண்டியிருந்தது, காலையில் அவளுக்குத் தேர்வு. ஒன்பதரைக்கே ஆட்டத்தை முடித்துக்கொண்டு, தெரிந்த ஆட்டோவில் பேருந்து நிலையம் போய், கூட்டத்தோடு கூட்டமாகக் கடலூர் பேருந்தில் ஏறிவிட்டாள். பத்தே முக்காலுக்கு “வந்துட்டேன்” என்று செய்தி வந்தது. நாங்கள் மூன்று பேரும் அப்போது இன்னும் ஆடிக்கொண்டிருந்தோம்.